வேப்பங்குச்சியும் பல்செட்டும்: தாவர மருத்துவ அறிவு இடம்பெயர்ந்த வரலாறு

வேதத் தெய்வங்களுள் பூஷன் பல்லில்லாதவன். வேள்வியில் அவனுக்குரிய அவிப்பொருளை, பல்லில்லாத ஒருவருக்குச் சமைப்பதைப் போலவே, அரைத்த மாவிலிருந்து ஆக்க வேண்டும் என்று சதபத பிராமணம் விதிக்கிறது. தக்கனின் வேள்விக்களத்தில் வீரபத்திரர் அவன் பற்களை உதிர்த்தார் என்று புராணங்கள் பின்னாளில் இக்கதையை விரித்துரைத்தன. இங்கே ஒரு செய்தி கவனத்திற்குரியது. போரில் காலிழந்த விச்பலைக்கு அசுவினித் தேவர்கள் உலோகக் கால் பொருத்தியதாக ரிக் வேதம் பேசுகிறது. பல்லிழந்த பூஷனுக்கோ எவரும் பல் கட்டவில்லை. குழைந்த உணவே அவனுக்குக் கிடைத்த தீர்வு.

இந்திய மருத்துவ மரபும் ஏறத்தாழ இதே நிலையில்தான் நின்றது. அடிபட்ட இளைஞனின் பல் உடையாமல் ஆடினால் அதை ஈற்றில் அழுத்திப் பொருத்தி, குளிர்ச்சியான பற்றிட்டு, ஆம்பல் தண்டின் வழியே பால் பருகச் செய்ய வேண்டும் என்று சுசுருத சங்கிதை கூறுகிறது. அடுத்த மூச்சிலேயே, முதியவரின் ஆடும் பற்களைக் கைவிடுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகிறது. போகிற பல் போகட்டும் என்பதே அதன் பொருள். போன பல்லின் இடத்தில் வருவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. எனவே பொய்ப்பல்லை எப்படிக் கழுவுவது என்னும் வினாவும் எழவில்லை.

இன்று இந்தியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளில், செயற்கைப் பற்களைத் தூய்மை செய்யவும் அவற்றில் படியும் பூஞ்சையை அழிக்கவும் வேம்பு, திரிபலா, மஞ்சள், கிராம்பு முதலியவற்றின் சாறுகளைச் சோதிக்கும் ஆய்வுகள் தொடர்ந்து நடைபெறுகின்றன. அவற்றின் முன்னுரைகள் பெரும்பாலும் பண்டைய மரபைச் சுட்டியே தொடங்கும். உயிருள்ள பல்லுக்கென உருவான தாவர அறிவு, உயிரற்ற பல்லின்மீது எப்போது, எவ்வழியாக வந்து சேர்ந்தது? அது அங்கே எவ்வளவு பொருந்தும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேட, குச்சியின் வரலாற்றையும் பொய்ப்பல்லின் வரலாற்றையும் பூஞ்சையின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

1. குச்சியின் இலக்கணம்

பல் துலக்கும் குச்சியைத் தந்தகாட்டம் என்று ஆயுர்வேத நூல்கள் அழைக்கின்றன. அது 12 விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டதாக, நேராக, முடிச்சின்றி, பசுமையாக இருக்க வேண்டும் என்பது சுசுருதரின் வரையறை. சுவையின் அடிப்படையில் மரங்களை வகுக்கும்போது, கசப்பில் வேம்பும், துவர்ப்பில் கருங்காலியும், இனிப்பில் இலுப்பையும், காரத்தில் புங்கும் சிறந்தவை என்கிறது அந்நூல். சரக சங்கிதை காலையும் மாலையும் இருவேளை துலக்கச் சொல்கிறது. நாக்கை வழிக்கப் பொன், வெள்ளி, செம்பு, ஈயம், பித்தளை முதலிய உலோகங்களாலான வழிப்பான்களையும் குறிப்பிடுகிறது. புங்கு, மருது, வேங்கை ஆகியவற்றோடு எருக்கும் அலரியும் சரகரின் பட்டியலில் உள்ளன. பின்னிரண்டும் நச்சுத் தாவரங்கள் என்பதால், இயற்கையானது என்றாலே தீங்கற்றது என்ற கருத்து அம்மரபுக்கு உரியதன்று என்பது விளங்கும். எதை, யார், எந்நிலையில், எவ்வளவு பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடே அதன் உயிர்நாடி.

பௌத்த சங்கமும் இப்பழக்கத்தை விதியாக்கியது. விநய பிடகத்தில் துறவியர் பற்குச்சி மெல்ல அனுமதி தரப்படுகிறது. அதன் நீளத்துக்கு 8 விரற்கடை மேல் எல்லையாகவும் 4 விரற்கடை கீழ் எல்லையாகவும் வகுக்கப்பட்டன. கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாளந்தாவில் தங்கிக் கற்ற சீனத் துறவி இ-த்சிங், தம் நாட்டவருக்காக எழுதிய நூலில் பற்குச்சிக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். சீனத்தில் பலர் இதனை வில்லோ மரக்குச்சி என்று மயங்கியிருந்தனர். இந்தியாவில் வில்லோ அரிது என்றும், புத்தரின் பற்குச்சியிலிருந்து முளைத்ததாக நாளந்தாவில் போற்றப்பட்ட மரத்தைத் தாமே கண்டதாகவும், அது வில்லோ அன்று என்றும் அவர் திருத்தினார். ஒரு தாவரப் பழக்கம் நாடு கடக்கும்போது பெயர் மட்டும் பயணப்பட்டு மரம் மாறிவிடக்கூடும் என்பதற்கு இது பழைய சான்று.

சுசுருதரின் இன்னொரு விதி இன்றைய பொருளுக்கு மிக நெருக்கமானது. தொண்டை, அண்ணம், உதடு, நாக்கு ஆகியவற்றில் நோயுற்றோரும் வாய் வெந்து புண்பட்டோரும் குச்சி மெல்லலாகாது. அத்தகையோர்க்கு உரியவை வாயில் நிறுத்தும் நெய்ப்பொருள்களும் கொப்பளிக்கும் கஷாயங்களுமே. ஆக, தேய்த்தலும் ஊறவைத்தலும் இருவேறு செயல்கள் என்பதையும், புண்பட்ட வாய்க்குத் தேய்த்தல் கூடாது என்பதையும் மரபு அறிந்திருந்தது. இப்பகுப்பு பின்னாளில் மறக்கப்பட்டதன் விளைவைச் சற்றுப் பின்னர்க் காணலாம்.

2. பொய்ப்பல் வந்த வழி

மாற்றுப் பல்லின் வரலாறு பிற நாடுகளில் விரிவானது. இத்தாலியின் எட்ரூரியர் கிறித்துவுக்கு முன்பே பொற்பட்டையால் பற்களைக் கட்டினர். ஜப்பானில் 1538-இல் மறைந்த நகாவோகா தெய் என்னும் பெண் துறவியின் மரத்தாலான முழு மேற்பல் தொகுதி இன்றும் காக்கப்படுகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் நீர்யானைத் தந்தத்தையும் மனிதப் பற்களையும் கொண்டு பற்கள் செய்தன. ஜார்ஜ் வாஷிங்டன் அணிந்தவை அத்தகையவையே. தந்தம் உமிழ்நீரில் அழுகி நாறியது. அதனைப் பெருஞ்செல்வர் மட்டுமே வாங்க இயன்றது.

பல்செட்டை எளியவருக்கும் எட்டச் செய்தது ஒரு மரத்தின் பால். சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்றார். அவர் சகோதரர் நெல்சன் 1851-இல் கடின ரப்பருக்குப் பெற்றார். வல்கனைட் எனப்பட்ட இக்கடின ரப்பரில், ஈற்றின் நிறம் வரச் சாதிலிங்கம் கலந்து, வாயின் அச்சுக்கு ஏற்ப அடிப்பகுதி வார்க்கப்பட்டது. 1864-இல் ஜான் கம்மிங்ஸ் இப்பயன்பாட்டுக்குத் தனிக் காப்புரிமை பெற, அதை வாங்கிய நிறுவனம் ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் உரிமத் தொகை கேட்டு வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கன் 1879-இல் சான் பிரான்சிஸ்கோ விடுதியொன்றில் சாமுவேல் சால்ஃபன்ட் என்னும் பல் மருத்துவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1881-இல் காப்புரிமை முடிவுற்றபின் வல்கனைட் உலகெங்கும் தடையின்றிப் பரவியது. பல்செட்டுக்கும் தாவரத்துக்கும் உள்ள உறவு தூய்மை செய்வதில் தொடங்கவில்லை. முதல் மலிவான பல்செட்டே மரத்தின் விளைபொருள்தான். இன்றுவரை வாயின் அச்செடுக்கப் பயன்படும் பசைகளுள் ஒன்றான துத்தநாக ஆக்சைடு யூஜினால் கலவையில் உள்ள யூஜினாலும் கிராம்பெண்ணெயிலிருந்து கிடைப்பதே.

இந்தியாவில் இக்கலை இருவழிகளில் வேர்கொண்டது. ஒன்று, கைவினைஞர் வழி. சீனத்தின் ஹூபெய் மாகாணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து குடியேறியோர் பல் கட்டுவதைக் குடும்பத் தொழிலாகக் கொண்டனர். அவர்களின் கடைகள் பல இந்திய நகரங்களில் தோன்றின. மற்றொன்று, கல்லூரி வழி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் கற்றுத் திரும்பிய ரஃபியுத்தீன் அகமது, 1920-இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்கான பணத்தை 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்னும் பெயரில் தாம் நடத்திய குளிர்பானக் கடையின் வருவாயிலிருந்து ஈட்டினார். 1925-இல் இந்தியப் பல் மருத்துவ இதழையும் தொடங்கினார். 1948-இன் பல் மருத்துவர் சட்டம் பட்டம் பெற்றோரை ஒரு பதிவேட்டிலும், பட்டமின்றித் தொழில் செய்துவந்தோரை மற்றொரு பதிவேட்டிலும் வைத்து இவ்விரு வழிகளையும் ஒரே ஆவணத்திற்குள் கொண்டுவந்தது.

இதற்கிடையில் பொருளும் மாறியது. 1937-இல் வால்டர் ரைட் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் அக்ரிலிக்கைப் பல்செட்டின் அடித்தளமாகச் சோதித்து வெளியிட்டார். நிறத்தில் ஈற்றை ஒத்ததும் எளிதில் செப்பனிடக் கூடியதுமான அப்பொருள், ஒரு பத்தாண்டுக்குள் வல்கனைட்டைப் பின்னுக்குத் தள்ளியது. இன்று இந்தியாவில் முழுப் பல்செட் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக்தான்.

3. அண்ணத்தில் குடியேறிய பூஞ்சை

அக்ரிலிக் வழவழப்பாகத் தோன்றினாலும் நுண்துளைகள் உடையது; நீரைச் சிறிதளவு உறிஞ்சும். பல்செட்டின் வெளிப்புறம் மெருகேற்றப்படும். அண்ணத்தோடு ஒட்டும் உட்புறம் அச்சின் துல்லியம் கெடாதிருக்க மெருகின்றி விடப்படும். உமிழ்நீர் எளிதில் புகாத, வெதுவெதுப்பான அவ்விடைவெளி கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சைக்கு உகந்த வாழிடம்.

இப்பூஞ்சையை 1839-இல் ஜெர்மானிய மருத்துவர் லாங்கன்பெக் ஒரு நோயாளியின் உடலில் கண்டு விவரித்தார். 1853-இல் ஷார்ல் ரோபேன் அதற்கு அல்பிகன்ஸ் என்ற சிறப்புப் பெயரையும், 1923-இல் கிறிஸ்டின் பெர்க்ஹௌட் கேண்டிடா என்ற பேரினப் பெயரையும் தந்தனர். பல்செட்டின் அடியில் சிவந்து வீங்கும் அண்ணத்துக்கும் இப்பூஞ்சைக்கும் உள்ள தொடர்பை 1936-இல் கான் என்பவர் எடுத்துரைத்தார். அதுவரை அந்நோய்க்கு வல்கனைட்டின் சாயமும் பொருந்தாத அமைப்பும் மட்டுமே காரணமாகப் பேசப்பட்டன. 1962-இல் நியூட்டன் அந்த அழற்சியை, புள்ளிபுள்ளியாகச் சிவத்தல், பரந்து சிவத்தல், அண்ணத்தில் சிறு கட்டிகள் எழும்புதல் என மூன்று நிலைகளாக வகுத்தார். அப்பகுப்பே இன்றும் பயன்படுகிறது.

இந்நோயின் வஞ்சகம், அது பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது. பல்செட்டைக் கழற்றி அண்ணத்தை நோக்கும்வரை யாருக்கும் தெரியாது. உமிழ்நீர் குறைந்தோர், நீரிழிவுடையோர், இரவிலும் பல்செட்டைக் கழற்றாதோர் ஆகியோருக்கு இடர் மிகுதி. இது வாயோடு நின்றுவிடும் சிக்கலும் அன்று. ஜப்பானில் 85 வயது கடந்த 524 முதியோரைப் பின்தொடர்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, பல்செட்டோடு உறங்குவோர்க்கு நிமோனியா ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது கடந்தோர் 10 கோடிக்கு மேல். தூய்மை செய்யும் பொருள் மலிவாகவும் கைக்கெட்டுவதாகவும் இருக்க வேண்டிய தேவை இந்த எண்ணிக்கையில் அடங்கியுள்ளது.

4. பொடியின் காலமும் ஒரு பிழையான மாற்றமும்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பற்குச்சி தொழிற்சாலைக்குள் நுழைந்தது. மைசூர்ப் பகுதியின் நஞ்சன்கூடில் 1913-இல் பி.வி. பண்டிதர் நிறுவிய சத்வைத்யசாலையின் பற்பொடி, உமியைக் கரித்துச் செய்யப்பட்டது. கல்கத்தாவில் 1916-இல் கே.சி. தாஸ் முதலியோர் தொடங்கிய கல்கத்தா கெமிக்கல் நிறுவனம் வேம்பைச் சோப்பிலும் பற்பசையிலும் சேர்த்து விற்றது. சுதேசி இயக்கக் காலத்தில் வேப்பம் பற்பசை வாங்குவது ஓர் அரசியல் செயலாகவும் இருந்தது. பின்னர் கரிப்பொடிகளும் செம்மண்நிற மஞ்சன்களும் மூலிகைப் பசைகளும் நாடெங்கும் கடைகளை நிறைத்தன. குச்சியின் மருந்துப் பண்பும் பொடியின் உரசும் பண்பும் மக்கள் மனத்தில் ஒன்றாயின.

இவ்விடத்தில்தான் மரபு இடறியது. இயற்கைப் பல்லின் எனாமல் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அக்ரிலிக் அதைவிடப் பன்மடங்கு மென்மையானது. உமிக்கரி, சாம்பல், உப்பு, செங்கற்பொடி ஆகியவற்றால் பல்லைத் துலக்கிப் பழகிய கை, பல்லிழந்தபின் அதே பொடியை அதே அழுத்தத்தோடு பல்செட்டின்மீதும் தேய்த்தது. விளைந்தவை கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். ஒவ்வொரு கீறலும் பூஞ்சைக்கு ஒளிவிடம். தூய்மைக்காகச் செய்த செயலே நோய்க்கு வீடு கட்டித் தந்தது. பற்பசைகளிலும் உரசும் துகள்கள் உண்டாதலால், பல்செட்டுக்கு அவையும் ஏற்றவையல்ல. புண்பட்ட வாய்க்குத் தேய்த்தல் தகாது, ஊறவைத்தலும் கொப்பளித்தலுமே தகும் என்ற சுசுருதரின் பகுப்பை நினைவில் கொண்டிருந்தால், மரபின் துணைகொண்டே இப்பிழையைத் தவிர்த்திருக்கலாம்.

மேலை நாடுகள் வேறு வழியில் சென்றன. நீரில் நுரைக்கும் காரப் பெராக்சைடு மாத்திரைகள், சோடியம் ஹைப்போகுளோரைட்டு, குளோர்ஹெக்சிடின் ஆகியவை பயனுக்கு வந்தன. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலாளர், வர்ஜீனியாவின் பண்ணையொன்றின் மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரியிலிருந்து நிஸ்டாடின் என்னும் பூஞ்சைக்கொல்லியைப் பிரித்து 1950-இல் அறிவித்தனர். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையுண்டு. ஹைப்போகுளோரைட்டு உலோகப் பகுதிகளை அரிக்கும். நீடித்து ஊறவைத்தால் நிறத்தை வெளுக்கச் செய்யும். குளோர்ஹெக்சிடின் பழுப்புக் கறை தரும். பெராக்சைடு மாத்திரைகளில் சேர்க்கப்படும் பெர்சல்ஃபேட்டு சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் எச்சரித்தது. பூஞ்சை மருந்துகளை நிறுத்தினால் நோய் மீள்வதும் பரவலாகப் பதிவாகியுள்ளது; வாய் குணமானாலும் பல்செட்டில் பூஞ்சை எஞ்சியிருப்பதே அதன் முதன்மைக் காரணம். தாவரச் சாறுகளின்பால் ஆய்வாளர் பார்வை திரும்பியதன் பின்னணி இதுவே.

5. வேம்பு ஆய்வகம் புகுந்த கதை

வேம்பின் கசப்பைச் சேர்மங்களாகப் பிரித்த பெருமை சலிமுஸ்ஸமான் சித்திக்கிக்கு உரியது. ஃபிராங்க்ஃபர்ட்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கானின் அழைப்பில் தில்லி திப்பியா கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். சர்ப்பகந்தியிலிருந்து தாம் பிரித்த சேர்மத்துக்கு அஜ்மலின் என்று தம் புரவலரின் பெயரையே சூட்டினார். 1942-இல் வேப்பெண்ணெயை வெவ்வேறு கரைப்பான்களில் பிரித்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற மூன்று கசப்புப் பொருள்களை அறிவித்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் 1951-இல் அவர் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் அறிவியல் நிறுவனங்களைக் கட்டியெழுப்பினார். எல்லைக்கு இருபுறமும் நடைபெறும் வேம்பு ஆய்வுகளுக்கு வேர் ஒன்றுதான்.

வேம்பின் பூஞ்சை எதிர்ப்பாற்றல் உலக அரங்கில் வழக்குப் பொருளானதும் உண்டு. பிரித்தெடுத்த வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்த்து வாதிட்டனர். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. இவ்வழக்கின் பாடம் நுட்பமானது. வேம்பு தொன்மையானது என்ற பொதுவுரை மட்டும் அங்கே வெல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் 1985, 1986 ஆண்டுகளில் நடந்த வயற்சோதனைகள் பற்றிய, நாளும் இடமும் குறித்த சான்றே 2000-ஆம் ஆண்டு முடிவில் கனமாக நின்றது. மரபைக் காக்கவும் ஆவணப்பட்ட சோதனை வேண்டும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது. மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமையும் 1997-இல் இந்தியாவின் முயற்சியால் ரத்தாயிற்று. மரபறிவைத் தொகுக்கும் மின்னூலகத் திட்டத்தை இந்தியா 2001-இல் தொடங்கியதற்கு இவ்வழக்குகளே தூண்டுதல்.

6. தட்டில் வென்றதும் வாயில் நின்றதும்

தாவரச் சாற்றின் பூஞ்சை எதிர்ப்பை அளக்கும் வழக்கமான முறை எளியது. அகார் கூழ் நிரப்பிய தட்டில் பூஞ்சையைப் பரப்பி, நடுவில் குழியிட்டுச் சாற்றை ஊற்றுவர். சுற்றிலும் பூஞ்சை வளராத வட்டம் தோன்றும்; அதன் விட்டத்தை அளப்பர். பெனிசிலினின் ஆற்றலை அளக்க ஆக்ஸ்ஃபோர்டில் நார்மன் ஹீட்லி 1940-ஐ ஒட்டி வகுத்த உருளைத் தட்டு முறையின் வழித்தோன்றலே இது. செலவு குறைந்தது, முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வுக் காலத்துக்குள் முடியக்கூடியது. அதனாலேயே இத்தகைய ஆய்வுகள் பெருகின.

எனினும் அந்த வட்டம் சொல்லாதவை பல. சாறு கூழில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே விட்டம் காட்டுகிறது. எண்ணெய்ப் பாங்கான சாறு வலிமையுடையதாயினும் சிறிய வட்டமே தரக்கூடும். தட்டில் உள்ளவை தனித்தனிச் செல்கள். பல்செட்டில் இருப்பதோ பாக்டீரியாவும் பூஞ்சையும் பின்னிப் பசையால் மூடிய உயிர்ப்படலம். தனிச்செல்லைக் கொல்லும் அளவு அப்படலத்தைப் பெரும்பாலும் அசைக்காது. சாறு எடுக்கப் பயன்படும் கரைப்பானும் வினாவுக்குரியது. ஆல்கஹால் வழிச் சாறு நீர்வழிச் சாற்றைக் காட்டிலும் ஆற்றல் மிக்கதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் ஆல்கஹால் தானே பூஞ்சையைக் கொல்லும்; அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகளையும் உண்டாக்கும். கரைப்பானை மட்டும் தனியே வைத்துச் சோதிக்காத ஆய்வில், வென்றது வேம்பா ஆல்கஹாலா என்று பிரித்தறிய இயலாது. கஷாயத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அக்ரிலிக் வளைந்து பல்செட் பொருந்தாமற்போகும்.

நிறம் மற்றொரு தடை. மஞ்சளின் குர்க்குமின் 1815-இலேயே பிரிக்கப்பட்ட சேர்மம். நீலஒளியோடு சேர்த்தால் அது கேண்டிடாவைக் கொல்வதைப் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆயினும் அதன் மஞ்சட்கறை அக்ரிலிக்கில் ஒட்டும். திரிபலாவின் டானின்களும் நாளடைவில் கருமை தரும். சவூதி அரேபியாவில் மருதாணிப் பொடியை அக்ரிலிக்கோடு கலந்து வார்த்தபோது பூஞ்சை ஒட்டுவது குறைந்தது; சாயம் தரும் இலை ஈற்று நிறப் பல்செட்டுக்குத் தகுமா என்ற வினா உடனெழுந்தது. பல்செட் என்பது உண்ணும் கருவி மட்டுமன்றி முகத்தின் பகுதியுமாதலின், கறையை அற்பமென்று ஒதுக்க இயலாது.

மனிதரிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. அவற்றுள் இரண்டு குறிப்பிடத் தக்கவை. இரண்டும் பிரேசிலைச் சார்ந்தவை. 2003-இல் வெளியான ஆய்வில், பல்செட் அழற்சி கொண்ட 60 பேருள் ஒரு பகுதியினருக்கு மாதுளைச் சாற்றுக் களிம்பும் மற்றவர்க்கு மைக்கோனசோல் களிம்பும் தரப்பட்டன. மாதுளை மருந்துக்குச் சற்றுப் பின்தங்கியபோதும் பெரும்பாலோர்க்குப் பயன் தந்தது. மற்றொன்று ஆமணக்கு. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் ரிபெய்ராவ் பிரேத்தோ வளாகத்தில், ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைசலில் பல்செட்டை ஊறவைக்கும் ஆய்வுகள் பல்லாண்டுகள் தொடர்ந்தன. பூஞ்சையைக் குறைப்பதில் ஹைப்போகுளோரைட்டே பொதுவாக முந்தி நின்றது. எனினும் ஒரே கரைசலை வெவ்வேறு செறிவுகளில், உண்மையான பல்செட்டுகளில், உண்மையான நோயாளரிடம், ஏற்கெனவே நிறுவப்பட்ட பொருளோடு ஒப்பிட்டு, குறைவாக வந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அவ்வழியே பின்பற்றத் தக்கது. ஆமணக்கு இந்தியாவில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு விளைவது. அதன் எண்ணெய் உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கே. அந்த எண்ணெயைப் பல்செட்டுக்குப் பொறுமையோடு சோதித்த நாடு பிரேசில்.

7. எஞ்சி நிற்பவை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, பல்செட்டைத் தாவரச் சாற்றால் தூய்மை செய்தல் என்பது பண்டைய மரபு அன்று. அக்ரிலிக், கேண்டிடா, அகார் தட்டு ஆகிய மூன்றும் கூடிய பின்னரே பிறந்த 20-ஆம் நூற்றாண்டின் வினா அது. பண்டைய நூல்களை அதற்கு நேர்ச்சான்றாகக் காட்டுவது, வில்லோவைப் பற்குச்சி மரமென்று கொண்ட மயக்கத்துக்கு ஒப்பாகும். மரபு தருவது ஆய்வுக்குரிய தாவரங்களின் பட்டியலையும், எவருக்கு எது தகும் என்று பகுத்துப் பார்க்கும் முறையையுமே. பட்டியலை எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டதே நேர்ந்த பிழை.

இரண்டாவது, தட்டின் வட்டத்தோடு நின்றுவிடும் ஆய்வுகள் இனியும் பெருகுவதால் முதியவர் எவருக்கும் பயனில்லை. உயிர்ப்படலம், அக்ரிலிக்கின் மேற்பரப்பு, நிறம், பல மாதப் பயன்பாடு, ஹைப்போகுளோரைட்டோடு ஒப்பீடு ஆகிய ஐந்தையும் கடந்துவரும் ஒரு சாறு, இவற்றைக் காணாத நூறு சாறுகளுக்கு மேலானது. சாற்றின் தரப்படுத்தலும் இன்றியமையாதது. ஒரே வேம்பின் இலை மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப வேறுபடும். எந்தச் சேர்மம் எவ்வளவு உள்ளது என்று சொல்லாத ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது. வேம்பு வழக்கில் நாளும் இடமும் குறித்த சான்று வென்றதை ஆய்வாளர் மறத்தலாகாது.

மூன்றாவது, இன்றைக்கே செய்யத்தக்கவை எளியவை. அவற்றுக்கு அரிய மூலிகை எதுவும் வேண்டா. மென்மையான தூரிகையும் உரசாத சோப்பும் கொண்டு நாள்தோறும் பல்செட்டின் இருபுறமும் கழுவுதல், பொடியும் கரியும் தவிர்த்தல், கொதிநீர் ஊற்றாதிருத்தல், இரவில் கழற்றி நீரில் இட்டுவைத்தல் ஆகியவையே அவை. அமெரிக்கச் செயற்கைப்பல் மருத்துவர் கல்லூரி 2011-இல் வகுத்த நெறிமுறைகளும், பல்செட்டை இருபத்துநான்கு மணி நேரமும் அணியலாகாது, ஹைப்போகுளோரைட்டில் 10 நிமிடத்துக்கு மேல் ஊறவைக்கலாகாது, கொதிநீரில் இடலாகாது என்றே கூறுகின்றன. தாவரச் சாறு ஒன்று நாளை நிறுவப்பட்டாலும் அது இவ்வடிப்படைகளோடு சேர்ந்தே பயன் தரும். இவற்றின் இடத்தைப் பிடிக்க அதனால் இயலாது.

பூஷனுக்கு மாவைக் குழைத்துக் கொடுத்த சமூகம், முதுமையில் பல்லிழப்பை விதியென்று ஏற்றுக்கொண்ட சமூகம். இன்று ஏழை முதியவரும் பல்செட் அணிந்து மெல்ல முடிகிறது. ஒரு மரத்தின் பாலும், கல்கத்தாவின் சோடாக் கடை வருவாயும், ஹூபெய் கைவினைஞரின் உழைப்பும் அதற்குப் பின்னே நிற்கின்றன. அந்தப் பல்செட்டின் அடியில் சிவக்கும் அண்ணத்தை நோக்க ஒரு விளக்கும் சில நொடிகளும் போதும். ஆய்வேடுகளின் எண்ணிக்கையை விட, அத்தகைய எத்தனை அண்ணங்கள் ஆறின என்பதே இத்துறையின் வளர்ச்சிக்கு அளவுகோலாக அமைய வேண்டும்.